மிஸ் எங்க?

2018 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை ஒன்று காலையில் எங்கள் டே கேருக்கு வந்தது, செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தது, நேராக நடு அறை ஜன்னல் பக்கம் போய் நின்றது. அதன் மிஸ் தினமும் உட்காரும் இடம் அது. அன்று அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "மிஸ் எங்க?" என்று என்னைக் கேட்டது. "இவங்கதான் கண்ணு இனிமே உன் மிஸ்" என்றேன். அழவில்லை. ஆனால் அன்று முழுவதும் சாப்பிடவில்லை, மதியம் தூங்கவில்லை, வாசற்கதவைப் பார்த்தபடி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பத்து நாள் கழித்து அதன் அம்மா வந்து, குழந்தையை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். "சாப்பாடு, சுத்தம் எதுலயும் குறை சொல்ல மாட்டனுங்க. ஆனா ஒரு வருசத்துல இது மூணாவது மிஸ். வீட்டுல யாரு கெளம்புனாலும் ஓடிவந்து காலைக் கட்டிக்குது."

கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் நான் டே கேர் தொடங்கி அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. 42 குழந்தைகள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நன்றாக நடக்கிற இடம். உள்ளே அதற்குள் ஆறு மிஸ்கள் வந்து போயிருந்தார்கள். நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டே கேர் தொடங்க நினைக்கும் பெண்கள் இப்போது என்னிடம் வந்து கேட்பதெல்லாம் அட்மிஷன் எப்படிப் பிடிப்பது என்றுதான். அவர்களுக்காகத்தான் நான் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் சான்றிதழ்கள். கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்குக்கும் சேர்த்து எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. வாடகை வீடு என்பதால் ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். பின்பக்கம் இரண்டாவது வழி திறக்க வேண்டும், சமையலறை குழந்தைகள் இருக்கும் பகுதியிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று சொன்னபோது சுவரை இடிக்க அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இதில் நான் சலித்துக்கொண்டதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்கள் யாரும் 'இதெல்லாம் எதுக்கு' என்று கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரரிடமும் கும்பகோணத்தைத்தான் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "கொத்தனாரை நானே கூட்டியாரேன்" என்றார்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. கையிலிருந்த பணத்தைச் சுவர் ஓவியத்துக்கும், சறுக்கு மரத்துக்கும், கேமராவுக்கும் போட்டேன். மிஸ்களுக்குச் சம்பளம் 7,000 ரூபாய். அதுவும் பத்து மாதத்துக்குத்தான், ஏப்ரல் மே கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்பது என் கணக்கு. அந்தப் பெண் குழந்தை நின்றுபோன வாரம், விட்டுப்போன மிஸ்ஸைத் தேடி அவர் வீட்டுக்கே போனேன். திரும்பக் கூப்பிடத்தான். காபி கொடுத்தார். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும் மேடம். ஏழு மாசம் உங்ககிட்ட இருந்தேன். ஒரு நாள்கூட உக்காந்து சாப்பிட்டதில்லைங்க."

உண்மைதான். ஒரு கையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு, மறு கையால் டப்பாவிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டே அவர் நடந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன். சுறுசுறுப்பான பெண் என்று நினைத்திருக்கிறேன்.

அன்று இரவு முதல் தடவையாகக் கணக்கை வேறு மாதிரி போட்டேன். எத்தனை குழந்தை சேர்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை விட்டுவிட்டு, ஒரு மிஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, உட்கார்ந்து சாப்பிட்டு, ஐந்தரைக்கு வீட்டுக்குப் போக எத்தனை குழந்தை இருக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் நான்கு. இரண்டிலிருந்து மூன்று வரை ஆறு. அதற்கு மேல் பத்து. இப்படிப் பார்த்தால் என் வீட்டில் 30 குழந்தைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளவே கூடாது. மாதம் 4,500 ஆக இருந்த ஃபீஸை 6,000 ஆக்கியாக வேண்டும்.

பெற்றோர் கூட்டம் போட்டேன். பழுப்புச் சார்ட்டில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டினேன். ஐந்து மிஸ்கள் தலா 12,000, இரண்டு ஆயாக்களும் சமையலம்மாவும் தலா 9,000, வாடகை 38,000, சாப்பாட்டுக்கு 27,000, மின்சாரம் மற்றது 12,000. வரவு 1,80,000. மீதி 16,000, அது எனக்கு. கூட்டத்தில் சத்தமே இல்லை. ஓர் அப்பா எழுந்தார். "ஃபீஸ் ஏறுது, சரி. குழந்தைக்குப் புதுசா என்ன கிடைக்கும்? அபாக்கஸ், ஃபோனிக்ஸ் ஏதாவது?" நான் சொன்னேன், "அதே மிஸ் கிடைப்பாங்க. அடுத்த வருசமும் அதே மிஸ்." அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் ஐந்து குடும்பங்கள் விலகின. அடுத்த ஏழு பேர் ஜூனுக்குள் எல்.கே.ஜி.க்குப் போனார்கள், அவர்கள் இடத்தில் புதிதாகச் சேர்க்கவில்லை. கூட்டத்தில் எழுந்து கேட்டவரின் மகன் கடைசி வரை எங்களிடம்தான் இருந்தான்.

ஏப்ரல், மே மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்தேன். மிஸ்களின் சொந்தக் குழந்தைகளுக்கு ஃபீஸ் கிடையாது என்றேன், ஆனால் அம்மாவின் அறையில் இருக்கக் கூடாது. ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன் போட்டேன். குழந்தைகள் தூங்கும் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் முறைவைத்து ஆளுக்கு அரை மணி நேரம் அங்கே. அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டக் கூடாது, நானும்தான். தூங்குகிற அறையில் அந்த ஒன்றரை மணி நேரமும் நான் இருப்பேன். இவ்வளவு எழுதியதில் எதைச் செய்தால் போதும் என்று யாராவது கேட்டால், அந்த நாற்காலியைத்தான் சொல்வேன். வேறு இடத்தில் 2,000 அதிகம் தருகிறோம் என்று கூப்பிட்டும் போகாதவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் இதையே முதலில் சொல்கிறார்கள்.

2019-ல் ஒரு பயிற்சிக்குப் போனேன். எம்மி பிக்லர் என்ற ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் 1946-ல் புடாபெஸ்டில் கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கி நடத்தியதைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று உண்டு. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் அவசர வேலை ஆகாது, குழந்தையோடு பேசுகிற நேரமே அதுதான். திரும்பி வந்து மிஸ்களிடம் சொன்னேன். எங்களில் மூத்த மிஸ்ஸுக்கு நம்பிக்கை இல்லை, பேசாத குழந்தையிடம் என்னத்தைச் சொல்வது என்றார். ஆனாலும் செய்து பார்த்தார். பத்து மாதக் குழந்தையைப் பாயில் கிடத்தி, டயப்பரைக் கண்முன்னால் காட்டி, "இப்ப காலைத் தூக்கப் போறேன், சரியா" என்பார். உடனே தூக்க மாட்டார், மூன்று நான்கு விநாடி பொறுப்பார். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலை என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். "காலைத் தூக்கப் போறேன்" என்றார். குழந்தை அவர் முகத்தையே பார்த்தது. பிறகு இரண்டு காலையும் தானாகத் தூக்கிக் கொடுத்தது. மிஸ் டயப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு அவரேதான் இதைக் கற்றுத் தருகிறார்.

2020 மார்ச்சில் மூடினோம். மழலையர் பள்ளிகள் திறந்தது 2022 பிப்ரவரியில். நான்கு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. வீட்டுக்காரர் வாடகையைப் பாதியாக்கினார், அதனால்தான் அந்த வீடு எங்களிடம் இருக்கிறது. ஐந்து மிஸ்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். வந்த குழந்தைகள்தான் வேறு மாதிரி இருந்தார்கள். அம்மா அப்பா பாட்டி தவிர வேறு முகத்தையே பார்க்காமல் இரண்டு வயதானவர்கள். அதுவரை புதுக் குழந்தை என்றால் அம்மா ஐந்து நாள் கூட உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் சிலருக்கு மூன்று வாரம் ஆனது. லீவு கிடைக்காத அம்மாக்களுக்குப் பதிலாகத் தாத்தாக்கள் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கிக் கொடுத்த ஒரு தாத்தா, பேரன் பழகிய பிறகும் ஒரு வாரம் வந்தார்.

மூன்று வயதுப் பிள்ளை ஏன் இன்னும் எழுதவில்லை என்ற கேள்வி எல்லா வருடமும் வரும். பதில் சொல்லி மாளாது. குழந்தை சொம்பிலிருந்து தம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவதை ஒரு காலை நேரம் வந்து பாருங்கள் என்று அழைத்துவிடுவேன். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள்தான் அதைச் செய்கின்றன. பார்த்தவர்கள் பெரும்பாலும் மறுபடி கேட்பதில்லை.

2023-ல் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். அப்போதிருந்த மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வர விட வேண்டும். அவர்களிடம் 20 குழந்தைகள், பக்கத்து வீட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொடுத்து விடுவதாகச் சொன்னார்கள். 2017-ல் இருந்த நானாக இருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது ஆறு பேர், மூன்று மாதம் கழித்து இன்னும் ஆறு பேர் என்றேன். கூடவே ஒன்று கேட்டேன், அந்த நான்கு முறையை உண்மையிலேயே விடுவீர்களா என்று. பால் கொடுக்கிற தாய்க்கு அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்து பயனில்லை. எழுதிக் கொடுத்தார்கள். பின்பக்க அறையில் திரை போட்டுச் சாய்வு நாற்காலி ஒன்று வைத்தோம். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓடிவருகிற அம்மாக்களைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

விளம்பரப் பலகையை மாற்றி ஏழு வருடம் ஆகிறது, நிறம் வெளுத்துவிட்டது. காத்திருப்போர் பெயர் எழுதும் நோட்டு ஒன்று மேஜையில் இருக்கிறது. வேலை கேட்டு வருகிறவர்களுக்கும் அதே நோட்டில் பின்பக்கம்.

மிஸ்கள் போகவே மாட்டார்கள் என்று இல்லை. போன ஆண்டு ஒருவருக்குப் பாலக்காட்டில் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு மாதம் முன்னாலேயே சொன்னார். புது மிஸ் மூன்று வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முதல் வாரம் பார்த்துக்கொண்டு மட்டும், அடுத்த வாரம் சாப்பாடு மட்டும், மூன்றாவது வாரம் டயப்பரும் தூக்கமும். காலண்டரில் கடைசி நாளுக்கு ரயில் படம் ஒட்டினோம், குழந்தைகள் தினமும் ஒரு கட்டத்தைக் கிரேயானால் அடித்தார்கள். அவர் போன மறுநாள் காலை, காய்ச்சலில் நான்கு நாள் வராமல் இருந்த பையன் ஒருவன் வந்தான். ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"மிஸ் எங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்னே, பாயில் உட்கார்ந்து மர டப்பாவுக்குள் கை விட்டுக்கொண்டிருந்த பெண் குழந்தை நிமிராமலே சொன்னது, "ரயில்ல போயிட்டாங்க. பாலக்காட்டுக்கு. நீ வா, இந்த மிஸ் கதை சொல்றாங்க."