பாண் துணிக்கைகளும் முறித்த கொப்புகளும்

கிரிம் சகோதரர்கள் 1812 இல் பதிப்பித்த ஹான்சல், கிரேட்டல் கதையை இருண்ட மர்ம நாவலாக மாற்றி எழுதிய ஒரு நூலை, ஒட்டுசுட்டானில் அம்மப்பா வீட்டுத் திண்ணையில் இருந்தபடி இரண்டே இரவுகளில் வாசித்து முடித்தேன். காட்டில் கைவிடப்பட்ட பிள்ளைகள் வழியடையாளமாகப் போட்ட பாண் துணிக்கைகளைப் பறவைகள் தின்றுவிட்டன என்பது பழைய கதை. இந்த நாவலோ அவற்றை உண்மையில் பொறுக்கியது யார் என்று கேட்டு, கொலை விசாரணையைப் போல முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது. பிள்ளைகள் போய் அகப்படும் சூனியக்காரியின் வீட்டுப் பகுதி மட்டும் சற்று நீண்டுவிட்டது.

என்னை உலுக்கியது தாய்தான். கிரிம் சகோதரர்களின் முதற்பதிப்பில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாயே. 1840 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் சிற்றன்னையானாள். நாவலாசிரியர் அந்தப் பழைய தாயை மீட்டெடுத்து, பஞ்சத்தின் நடுவே வெறும் பானையைச் சுரண்டும் அவளுடைய விரல்களை அருகில் காட்டும்போது, அவளை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த காட்டுக்குள் தேன் எடுக்கப் போகும் அம்மப்பா, பத்தடிக்கு ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிட்டபடியே நடப்பார். இலைகளின் வெளிறிய அடிப்பக்கம் அந்தி மங்கலிலும் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கடைசி அத்தியாயம் முழுவதும் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. நூல் இப்போது தங்கச்சியின் கையில் இருக்கிறது. பொறுக்கியவர் யாரென்று நான் இன்னும் வாய் திறக்கவில்லை.