1950 செ.மீ⁻¹-இல் ஒரு சின்னப் பள்ளம்

"சாம்பிள் சுத்தமில்லை, மறுபடியும் படிகமாக்கிக் கொண்டு வாம்மா" என்று ஆய்வக வகுப்பு மாணவியிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் செய்த சேர்மத்தில் மாலிப்டினம் என்ற உலோக அணுவைச் சுற்றி நான்கு கார்பனைல் (CO), இரண்டு டிரைபினைல்பாஸ்பீன் (பாஸ்பரஸில் மூன்று பினைல் வளையங்கள்). பாஸ்பீன்கள் அடுத்தடுத்து நிற்கும் சிஸ் வடிவத்தைச் சூடாக்கி, எதிரெதிரே நிற்கும் டிரான்ஸாக மாற்றியிருந்தாள். அகச்சிவப்பு நிறமாலையில் சிஸ்ஸுக்கு நான்கு கார்பனைல் பட்டைகள், டிரான்ஸுக்கு ஒன்றே ஒன்று; ஒவ்வொரு பட்டையும் தாளில் ஒரு பள்ளமாக விழும். அவள் தாளில் 1900 செ.மீ⁻¹ அருகே ஆழமான பள்ளம், அது சரி. 1950 பக்கம் இன்னொன்று, நகத்தால் கீறியது போல. எந்த அதிர்வு அகச்சிவப்பில் தெரியும் என்று சமச்சீரை வைத்துச் சொல்லும் கேரக்டர் டேபிளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சார், ஒரே பட்டை என்ற அந்தக் கணக்கில் பாஸ்பீனை உருண்டையாகத்தானே வைத்தோம்?"

பதில் எனக்குத் தெரியும். எதிரெதிரே இருக்கும் ஒரு ஜோடி கார்பனைல் நீள, மற்ற ஜோடி சுருங்கும் அதிர்வில் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் மின்சுமை பிரிந்து நிற்கும் அளவு) மாறாது. அதனால் அகச்சிவப்பில் தெரியாது. ஆனால் மூன்று பினைல் வளையங்கள் விசிறி போல முறுக்கி நிற்கும் பாஸ்பீன், நான்கு கார்பனைலும் சேர்ந்த சதுரத்தோடு ஒத்துப்போகாது. கரைசலில் இரண்டும் தங்கள் போக்கில் திரும்பினால் மையச் சமச்சீரும் போய்விடும். தடை தளர்ந்து பட்டை மங்கலாகத் தலைகாட்டும். இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கடைசி ஐந்து நிமிடத்தில், அவசரமாக.

இருந்தும் "முதலில் சுத்தம் செய், அப்புறம் பேசலாம்" என்றேன். அது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விதிவிலக்கை முதலில் கற்றுக்கொடுத்தால் அழுக்குச் சாம்பிளுக்கெல்லாம் கதை கட்டுவார்கள். ஆனால் அன்று விதிக்காகப் பேசினேனா, சோம்பலில் பேசினேனா?

இரண்டாம் முறையும் அதே பள்ளம், அதே அளவு. அழுக்கென்றால் குறைந்திருக்க வேண்டாமா? அறிக்கையில் "சிறிதளவு சிஸ் கலந்திருக்கலாம்" என்று எழுதிவிட்டாள். என் வாயிலிருந்து வந்ததுதான் அது. முழு மதிப்பெண் போட்டேன்.

சிஸ் இருந்தால் 2020 அருகே ஒரு பட்டை இருந்தாக வேண்டும். அன்று அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தால் அங்கே லேசாக ஏதோ இருக்கிறது. இரைச்சலா, சிஸ்ஸா, இல்லை டிரான்ஸிலேயே நான்கு கார்பனைலும் ஒன்றாக நீளும் அதிர்வு தடை தளர்ந்து தெரிகிறதா? டைகுளோரோமீத்தேனில் எடுத்தது, பட்டைகள் அகன்று கிடக்கின்றன. ஹெக்சேனில் கூர்மையாக வந்திருக்கும், கொஞ்சமாவது கரைந்திருந்தால். முயன்று பார்க்கலாம் என்றால் சாம்பிள் இல்லை. அந்த வருடக் கடைசியில் பாட்டிலைக் கழுவப் போட்டது நான்தான்.