ஊசி குத்திய பிறகு: முதல் இரண்டு மணி நேரமும் அடுத்த ஆறு மாதமும்

நோயாளிக்குப் போட்ட ஊசி தன் விரலில் ஏறிவிட்டால், பல நர்ஸ்கள் அதை வெளியே சொல்வதே இல்லை. திட்டு விழும், பேச்சு கிளம்பும் என்ற பயம். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் எங்களுக்கு ஊசியைவிட இந்த மௌனம்தான் பெரிய கவலை. ஊசி குத்தியதால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மருந்து உண்டு. நேரத்துக்குள் வந்தால்தான் அது பலன் தரும்.

முதலில் க்ளவுஸைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்குவது, வாயில் வைத்து உறிஞ்சுவது, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றுவது எதுவும் வேண்டாம். அதனால் தொற்று குறையாது, குத்திய இடம்தான் மேலும் புண்ணாகும். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாக அலசுங்கள். அங்கே சோப்பு கூடாது.

கழுவியதும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, நேரே கேஷுவாலிட்டி டாக்டரிடம் போக வேண்டும். "ஹேண்ட் ஓவர் கொடுத்துட்டுப் போறேன்" என்று நிற்பதில்தான் நேரம் போய்விடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. நோயாளியின் ரத்த முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் டோஸைப் போட்டுவிடலாம், முடிவு நெகட்டிவ் என்று வந்தால் டாக்டர் நிறுத்திவிடுவார். நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

குத்து பட்டவருக்கும் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். "எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று சிலர் மனம் நொந்து போகிறார்கள். சம்பவ நாளில் நெகட்டிவ் என்ற அந்த ஒரு தாள்தான், பின்னால் ஏதாவது வந்தால் அது பணியில் வந்தது என்பதற்குச் சாட்சி. பதிவுப் படிவத்தில் நேரம், ஊசியின் வகை, எவ்வளவு ஆழம், ஊசியில் ரத்தம் தெரிந்ததா, க்ளவுஸ் இருந்ததா என்பதை எல்லாம் அன்றே எழுதிவிடுங்கள். ரத்தம் எடுத்த உள்துளை ஊசிக்கும் தையல் ஊசிக்கும் ஆபத்து ஒன்றல்ல.

தேசிய வழிகாட்டலின்படி டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளுக்கு ஒன்று வீதம் 28 நாள் போட வேண்டும். பாதியில் விடக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, ஆன்டாசிட் சாப்பிடுகிறவர்கள் இதை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது. சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பாலூட்டல், ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி இருப்பது ஆகியவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு, ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) அளவு 10 mIU/mL-க்கு மேல் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. தடுப்பூசியே போடாதவருக்கு, நோயாளி பாசிட்டிவ் என்றால், இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை ஆன்டிபாடி ஊசி) தடுப்பூசியும் சேர்த்துத் தர வேண்டும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஹெபடைடிஸ் சி-க்கு முன்தடுப்பு மருந்து கிடையாது. தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். வந்தாலும் மாத்திரையில் குணமாகிறது.

உடம்புக்கான வேலை இவ்வளவுதான். மனசுக்கான காத்திருப்பு நீளம். எச்.ஐ.வி. பரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று தொடரும். அதுவரை ரத்த தானம் கூடாது, ஆணுறை அவசியம். அதை வீட்டில் சொல்வதுதான் பலருக்கு மலையாகத் தெரிகிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் கவுன்சலரிடம் கணவனோ மனைவியோ சேர்ந்தே போய்ப் பேசுவது நல்லது. பாசிட்டிவ் நோயாளியின் ஊசி குத்தி, மருந்தே போடாவிட்டாலும், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. இந்தக் கணக்கைக் கவுன்சலர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தூக்கம் வராமல் போனால் பயம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டோலுடெக்ராவிரும் தூக்கத்தைக் கெடுக்கும். டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நடுராத்திரியில் மனசு அலைந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்சார்ஜ்களுக்கு ஒன்று. "ஏம்மா ரீகேப் பண்ணினே?" (போட்ட ஊசிக்கு ஏன் திரும்ப மூடி மாட்டினாய்) என்ற கேள்வியை அந்த நேரத்தில் கேட்காதீர்கள். "மாத்திரை போட்டாச்சா? யாராவது கூட வரணுமா?" என்று கேளுங்கள். காரணம் ஆராய இன்னொரு நாள் இருக்கிறது. லேப் படிவத்தில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுங்கள். பணியாளரின் ரிசல்ட் கேன்டீனில் பேசப்பட்ட இடத்தில் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

துப்புரவுப் பணியாளர்களை விட்டுவிடக் கூடாது. வெள்ளை டப்பாவில் போட வேண்டிய ஊசியை யாரோ மஞ்சள் பையில் போட, குத்துவது அதைத் தூக்குகிறவரை. அது எந்த நோயாளியின் ஊசி என்றே தெரியாது. அப்போதும் டாக்டர் ஆபத்தை எடைபோட்டு மருந்து தொடங்கலாம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், 2017-இன்படி, பணியில் ஆபத்துக்கு ஆளாகும் எல்லோருக்கும் இந்த மருந்தைத் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அவருக்கு மருந்து இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவக் கழிவு விதிகள், 2016-இன்படி, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். உங்கள் வார்டில் கழிவு எடுப்பவருக்கு மூன்று டோஸும் முடிந்ததா என்று இந்த வாரமே கேளுங்கள்.