அஞ்சு வேலை மெஷினும் அம்பது ஹெர்ட்ஸும்

4 ஜனவரி 2025, சனி

வாங்கியே தொலைச்சிட்டேன். பினாங்குல தஞ்சோங் புங்கா பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி பண்றாங்க, போய்ப் பாருடான்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. முன்னாடி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில வேலை செஞ்ச ஒரு அமெரிக்கன் இன்ஜினியர் விட்டுட்டுப் போன சாமானாம், வருசக்கணக்கா கார் போர்ச்ல தார்பாய் போட்டு மூடிக் கெடக்கு. தார்பாயைத் தூக்கினா ஷாப்ஸ்மித் மார்க் ஃபைவ், ஒத்த மெஷின்ல அஞ்சு மரவேலை செய்யறது! தகட்டுல டேட்டன், ஓஹையோன்னு இருக்கு, அப்படின்னா 1972க்கு அப்புறம் வந்த மெஷின். 600 வெள்ளி (ரிங்கிட்). நாலு பேர் சேர்ந்து லோரில ஏத்தினோம்.

அம்மா வாசல்லயே நின்னு பாத்துட்டு, "பழைய இரும்புக்காரன்கிட்ட குடுக்க வேண்டியதை நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்றியா"ன்னாங்க. பதில் சொல்லல.

5 ஜனவரி, ஞாயிறு

இந்த மெஷின் தெரியாதவங்களுக்காக. ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட்ன்னு ஒருத்தர், ஜெர்மன்காரர், அமெரிக்காவுக்குப் போனவர், 1940கள்ல கண்டுபிடிச்சது. ஒரே மோட்டார், ரெண்டு நீளக் குழாய், அந்தக் குழாய் மேல ஹெட்ஸ்டாக், அதான் மோட்டார் உக்கார்ற தலைப்பெட்டி, வழுக்கிட்டுப் போகும். ரம்பம், கடைசல், தட்டு சேண்டர், படுக்கையா துளை போடறது, அப்படியே குழாயோட தூக்கி நட்டமா நிறுத்தினா டிரில் பிரஸ். சின்ன வீட்டுக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்.

ஆனா அந்த ரெண்டு குழாயும் நம்ம பினாங்கு கடக்காத்துல துரு ஏறி, ஹெட்ஸ்டாக் ஒரு இன்ச் நகரல. மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலைல ஸ்டீல் வூல் போட்டு நீளவாக்குல தேய் தேய்னு தேய்ச்சேன். மதியம் ரெண்டு மணிக்கு தடக்குன்னு வழுக்கிச்சு பாருங்க, அந்த சத்தத்துக்கே 600 வெள்ளி குடுக்கலாம். தொடச்சிட்டு மெழுகு பூசினேன். எண்ணெய் பூசாதீங்க, மரத்தூள் ஒட்டி சேறாயிடும்.

15 ஜனவரி, புதன்

ஹெட்ஸ்டாக்கைத் திறந்தாச்சு. உள்ள பல்லிமுட்டை, ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பம், பத்து வருசத்து மரத்தூள். வேகத்தை மாத்தறது ரெண்டு விரியற கப்பி, ஒண்ணு விரிஞ்சா இன்னொண்ணு நெருங்கும், நடுவுல பெல்ட் ஏறி இறங்கும். அதனாலதான் மெஷின் ஓடாதப்ப ஸ்பீடு டயலைத் திருப்பவே கூடாது. முன்னாடி யாரோ திருப்பியிருக்கான், கண்ட்ரோல்ல பல் தேஞ்சிருக்கு. நல்லவேளை முழுசா போகல.

அப்புறம் குவில்லை, அதான் ஸ்பிண்டில் உள்ள இருக்கற அந்த உருளையை, வெளிய எடுக்கணும். அதுக்குள்ள சுருள் ஸ்பிரிங் ஒண்ணு முறுக்கி இருக்குன்னு எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன், இருந்தாலும் ஸ்க்ரூவைக் கழட்டறப்ப கைப்பிடியைப் பிடிக்க மறந்துட்டேன். காத்தாடி மாதிரி சுத்தி மணிக்கட்டுல ஒரு அடி. ரெண்டு நாள் சோத்துல கை வைக்க முடியல. பொங்கலன்னிக்குக் கரும்பை இடது கைல பிடிச்சுக் கடிச்சேன், அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

18 ஜனவரி, சனி

இப்பதான் பெரிய தலைவலி. மோட்டார் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊரு 240, 50. ஹெர்ட்ஸ்ன்னா கரண்ட் ஒரு செகண்டுல எத்தனை தடவை அலையுதுங்கற கணக்கு. வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, 2000 வாட் ஒண்ணு வாங்கி மாட்டினேன், ஓடிச்சு, நல்லாவே ஓடிச்சு. 20 நிமிசம் கழிச்சு மோட்டார் மேல கை வச்சா தோசைக்கல்லு.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஹெர்ட்ஸ் கம்மியானா அதே வோல்ட்டுக்கு மோட்டாரோட இரும்புக்குள்ள காந்தம் அதிகமா ஏறும், தாங்கற அளவைத் தாண்டினா கரண்டை இழுத்து சூடாகும். கணக்குப் போட்டா இங்க அதுக்கு 96 வோல்ட் குடுத்தாத்தான் பழைய நிலைமை. 96க்கு எங்க போறது, போனாலும் பவர் குறையும்.

கூட்டாளி ஒருத்தன் இன்வெர்ட்டர் போடுடா, 60 ஹெர்ட்ஸே வரும்ன்றான். அது திரீ ஃபேஸ் மோட்டாருக்கு. இது கெப்பாசிட்டர் வச்சு ஸ்டார்ட் ஆகற சிங்கிள் ஃபேஸ், அதை மாட்டினா சரிவராது. புது மோட்டாரே போடலாம்னா ஹெட்ஸ்டாக் வயித்துக்குள்ள உக்கார்ற சைஸும் ஷாஃப்ட்டும் ஒத்து வரணும்.

25 ஜனவரி, சனி

ஜெலுத்தோங்ல மோட்டாருக்குக் கம்பி கட்டற ஒரு தவுக்கே, அதான் சீனக் கடை முதலாளி. வயசு எழுவதுக்கு மேல, கண்ணாடியை நெத்தில ஏத்திட்டு ஸ்டேட்டரை, அதான் மோட்டார்ல சுத்தாம நிக்கற கம்பிச்சுத்துப் பாகத்தை, ஒரு தடவை திருப்பிப் பாத்தாரு. மலாய்ல, "பழைய கம்பியை எடுத்துட்டு 240க்கு 50க்குப் புதுசா கட்டித் தர்றேன். பாடி உன்னோடது, ஷாஃப்ட் உன்னோடது, நான் கம்பிதான் மாத்தறேன்"னாரு. நான் ஒரு வாரமா மண்டையைப் பிச்சிக்கிட்டதுக்கு ரெண்டு நிமிசத்துல விடை. 280 வெள்ளி.

ஆனா சீனப் பெருநாள் வருது. எப்ப கிடைக்கும் தவுக்கேன்னா "தீ கோங் கும்பிட்டுட்டுத்தான் கடை திறப்பேன்"னுட்டாரு. தீ கோங்ன்னா அவங்க வானத்து சாமி. ஹொக்கியன் சீனங்களுக்குப் பெருநாளோட ஒன்பதாம் நாள்தான் பெரிசு, கரும்பு கட்டி வச்சு அந்தச் சாமியைக் கும்பிடுவாங்க. போன வாரம் நம்ம கரும்பு, அடுத்த மாசம் அவங்க கரும்பு. காத்திருக்க வேண்டியதுதான்.

15 பிப்ரவரி, சனி

தைப்பூசம் முடிஞ்சு தண்ணீர்மலையில நடந்த கால் வலி இன்னும் போகல. மோட்டார் வந்தாச்சு. டிரான்ஸ்ஃபார்மரை வித்துட்டேன். அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டேன், கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும், 50 ஹெர்ட்ஸ்ல எல்லா வேகமும் ஆறுல அஞ்சு பங்குதான். டயல்ல நிமிசத்துக்கு 700 சுத்துன்னா நெசத்துல 583, 5200ன்னா சுமார் 4333. மார்க்கர்ல புது நம்பர் எழுதி ஒட்டிட்டேன். சுவிட்சையும் மாத்தினேன், கரண்ட் போய்ட்டு வந்தா தானா ஓடாத மாதிரி ஒண்ணு. பழைய சுவிட்ச்ல கரண்ட் திரும்ப வர்றப்ப ரம்பம் தானா சுத்தினா என்னாகும்னு நெனச்சாலே வயித்தைக் கலக்குது.

22 பிப்ரவரி, சனி

குவில் பேரிங் கரகரன்னுது. கடைல உள்துளை 15 மில்லிமீட்டர் இருக்கு, 17 இருக்கு, எனக்கு வேண்டியது 5/8 இன்ச், அதாவது 15.875. தம்பி, 16 போட்டுக்கோங்கன்னாரு கடைக்காரர். போட்டா ஆடும், கடைசல்ல ஆடின ஸ்பிண்டில் உளியைப் புடுங்கிட்டுப் போகும். மூணு கடை ஏறி இறங்கி, நாலாவது கடைல அலமாரிக்குப் பின்னாடி தூசில ஒரு டப்பா.

பெரிய டேபிள் வச்ச 510, 520 அப்கிரேட் கிட் வாங்கிப் போடலாம்னு ஆரம்பத்துல ஒரு ஆசை. ஷிப்பிங்கோட கூட்டிப் பாத்தேன், மெஷின் விலையை மாதிரி பல மடங்கு. அதோட பலகையைச் சாய்ச்சு அறுக்கணும்னா இதுல ரம்பம் சாயாது, டேபிள்தான் சாயும், பெரிய பலகையை அந்தச் சரிவுல வச்சுத் தள்ள எனக்கு தைரியம் கிடையாது. ரம்பத்துக்கு வேற வழி பாத்துக்கறேன். இது எனக்குக் கடைசலும் துளையும்தான்.

2 மார்ச், ஞாயிறு

முதல் வேலை அம்மாவுக்குப் பருப்பு மத்து. பழையது போன தீபாவளியோட ஒடஞ்சது. ரப்பர் மரம் எடுத்தேன், தாத்தா பால் வெட்டின மரம், இப்ப கடைல கரண்டியும் பலகையுமா விக்கிது. தலையைக் கடைஞ்சு, அதே மெஷின்ல படுக்கையா துளை போட்டு, காம்பைத் தனியா கடைஞ்சு இறுக்கினேன், வரிப்பள்ளத்தைக் கை ரம்பத்துல அறுத்தேன். ஸ்பிண்டில் ஒரு முணுமுணுப்பு இல்லாம சுத்திச்சு.

அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பருப்புச் சட்டிக்குள்ள விட்டுப் பாத்தாங்க.

"தல பெரிசுடா. சட்டில சுத்தல."

அரை இன்ச் குறைக்கணும். நாளைக்கு.