512 எண்களுக்குள் என் முகம்

மூன்று வாரமாக ஸ்டைல்கேன்2-ஐ வைத்துக்கொண்டு என் முகத்தையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். ஃப்ளிக்கரிலிருந்து என்விடியா ஆய்வாளர்கள் திரட்டிய 70,000 முகப்படங்களில் பயிற்சி பெற்ற, முகம் வரைகிற செயற்கை நுண்ணறிவு மாடல் இது. 512 எண்களைக் கொடுத்தால் உலகத்திலேயே இல்லாத ஒருவரின் முகத்தை வரைந்து தரும். எனக்கு வேண்டியது தலைகீழ் வேலை: இருக்கிற ஆளைக் காட்டி, அவருக்கான எண்களைத் தேடுவது. இதற்கு ப்ரொஜெக்‌ஷன் என்று பெயர்.

முதல் வாரம் வீண். பயிற்சிப் படங்களில் கண்ணும் வாயும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வருகிற மாதிரி வெட்டியிருப்பார்கள். நான் அதைக் கவனிக்காமல் செல்ஃபியை அப்படியே கொடுத்தேன். கன்னம் மெழுகு மாதிரி வழிந்தது.

சரியாக வெட்டி, எண்களைத் தேட ஆயிரம் சுற்று ஓட்டியதும் ஒருவன் வந்தான். மூக்கு என்னுடையது, தாடையும் என்னுடையதுதான். ஆனால் நான் இல்லை. அம்மாவிடம் காட்டினேன்.

"யாருடா இது? உங்க பெரியப்பா பையன் சாயல்ல இருக்கான்."

சின்ன வயதில் விழுந்ததில் என் இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. மாடல் அதை ஒழுங்காக நிரப்பிவிட்டிருந்தது. இரண்டு கண்ணையும் ஒரே அளவாக்கியிருந்தது. நிஜத்தில் எனக்கு வலது கண் கொஞ்சம் சின்னது. இதைப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது!

அப்புறம், மாடல் முகத்தை வரைகிற 18 அடுக்குக்கும் தனித்தனியாக 512 எண்கள் தேட விட்டேன். மொத்தம் 9,216. புருவக் கோடு வந்தது, கண்ணும் வந்தது. அச்சு அசல் நான். ஆனால் அதைச் சிரிக்க வைக்கப் பார்த்தால் வாய் கோணிக்கொண்டு போகிறது. முன்பு வந்த பெரியப்பா பையன் அழகாகச் சிரித்தான். சாயல் கூடக் கூட, முகம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

மாடலின் சராசரி முகத்தை நோக்கி என் எண்களை இழுத்தும் பார்த்தேன். பாதி வழியிலேயே நான் காணாமல் போய்விட்டேன். கடைசியில் யாரை இழுத்தாலும் அதே ஒரு முகம்தான்.

நேற்று, அனுமதி கேட்டுக்கொண்டு, அப்பாவைப் படம் எடுத்தேன். முதல் நான்கு அடுக்கு அவருடையது, மீதி என்னுடையது. முகவெட்டு அந்த அடுக்குகளில்தான் இருக்கிறது. கூடவே அவருடைய மூக்குக் கண்ணாடியும் வந்து என் முகத்தில் உட்கார்ந்துகொண்டது.

அப்பா திரையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். "நீதானே இது? என் கண்ணாடிய எதுக்குடா போட்டிருக்க?"