கழுத்தில் குழாயோடு வருகிறவர்கள்

டயாலிசிஸ் யூனிட்டில் புதிதாக ஒருவர் வந்து படுத்தால், ஃபைலைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் கழுத்தையும் கையையும்தான் பார்ப்பேன். கழுத்தில் குழாய் இருந்தால் அவசரத்தில் வந்தவர். மூச்சு முட்டியோ வாந்தி நிற்காமலோ ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, 'ரெண்டு கிட்னியும் போயிடுச்சு' என்று கேட்ட அன்றைக்கே குழாயும் போட்டுக்கொண்டவர். முன்கையில் ஃபிஸ்டுலாவோடு வந்தால், யாரோ ஒரு நெப்ராலஜிஸ்ட், அதாவது சிறுநீரக டாக்டர், அவரை மாதக்கணக்கில் கவனித்து, இப்படி ஒரு நாள் வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். டெக்னீசியனாக நான் பார்த்தவரை முதல் வகை ஆட்கள்தான் அதிகம்.

ஃபிஸ்டுலா என்பது கையில் ஒரு தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைப்பது. தமனியின் வேகத்தில் ரத்தம் பாயப் பாய சிரை தடித்து, வாரத்துக்கு மூன்று முறை பெரிய ஊசி குத்தினாலும் தாங்கும். 1966-ல் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்கள் தங்கள் சகாக்களோடு வெளியிட்ட முறை, இன்றுவரை பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நல்ல வழி. ஆனால் அது தயாராக ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை பிடிக்கும், சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை கழுத்துக் குழாய்தான். அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்பதால் அதில் கிருமி ஏறினால் நேராக ரத்தத்தில்தான். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் குளிரில் நடுங்க ஆரம்பித்தால் எங்கள் எல்லோருக்குமே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

'நல்லாத்தானே தம்பி இருந்தேன்' என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. சிறுநீரகம் பாதி வேலையை இழக்கும்வரை, அது வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் லேப் போட்டிருக்கும் எல்லைக்குள்ளேயே இருக்கலாம், வலி இருக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். ஆனால் பழைய ஃபைலைப் புரட்டினால் வேறு கதை தெரியும். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை வாங்கப் போன இடத்தில் எடுத்த சிறுநீர் டெஸ்டில் 'ஆல்புமின் 2 பிளஸ்' என்று இருக்கும், அதாவது சிறுநீரில் புரதம் போகிறது, இன்னொரு லேபில் கிரியேட்டினின் 1.4, அப்புறம் வேறொரு இடத்தில் 1.9, அதற்கப்புறம் 2.8. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கிப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான், நோயாளி மேல் இல்லை.

எப்போது சிறுநீரக டாக்டரைத் தேடிப் போகவேண்டும் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கிரியேட்டினினையும் வயதையும் வைத்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் என்ற ஒரு எண்ணைக் கணக்கிடுகிறார்கள், பல லேப்கள் ரிப்போர்ட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கின்றன. அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே போய்விட்டால் நெப்ராலஜிஸ்டைப் பார்த்தே ஆகவேண்டும், எண் வேகமாக இறங்கினாலோ சிறுநீரில் புரதம் நிறையப் போனாலோ அதற்கும் முன்னாலேயே. 15-க்குக் கீழே வந்தபின் முதல்முறையாக டாக்டரைப் பார்ப்பவருக்கு, யோசித்து முடிவெடுக்க நேரம் மிச்சமே இருக்காது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கிட்னி என்றவுடன் பலர் யூராலஜிஸ்டிடம் போய்விடுகிறார்கள். அவர் கல், அடைப்பு, புராஸ்டேட் என்று ஆபரேஷன் பக்கம் பார்ப்பவர். வடிகட்டும் வேலை குறைவதற்கு மருந்து கொடுத்துப் பின்தொடர்பவர் நெப்ராலஜிஸ்ட். யூராலஜிஸ்ட் அங்கே அனுப்பிவைப்பார்தான், ஆனால் அதற்குள் சில வாரம் ஓடியிருக்கும். 'கிட்னி டாக்டரைத்தானே சார் பார்த்தோம்' என்று சொல்லும் குடும்பத்திடம் என்ன பதில் சொல்வது?

முன்பெல்லாம் சீக்கிரம் போனால்கூட பிரஷர் மாத்திரையையும் உப்புக் குறைப்பையும் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஒரு சலிப்பு இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. சர்க்கரைக்கு என்று வந்த எஸ்.ஜி.எல்.டி 2 வகை மாத்திரைகள் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கின்றன என்பது 2020 வாக்கில் பெரிய ஆய்வுகளில் உறுதியானது. எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் ஒத்துவருகிறவருக்கு டயாலிசிஸ் பல வருடம் தள்ளிப்போகலாம். முன்கூட்டியே போனால் வயிற்று வழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா, டோனர் இருந்தால் மெஷின் பக்கமே வராமல் நேராக மாற்று அறுவை சிகிச்சை செய்யலாமா என்றெல்லாம் உட்கார்ந்து பேசலாம். கழுத்துக் குழாயோடு வந்து சேர்பவரிடம் அன்றைக்கு இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை, பேசினாலும் அவர் காதில் ஏறாது.

உலகத்தில் ஏறக்குறைய 85 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு சிறுநீரக நோய் இருப்பதாக நிபுணர் சங்கங்கள் கணக்கிட்டிருக்கின்றன. பல ஏழை நாடுகளில் பத்து லட்சம் மக்களுக்கு ஒரு நெப்ராலஜிஸ்ட்கூட இல்லை. உலக சுகாதாரப் பேரவையே 2025-ல்தான் சிறுநீரக நலனுக்கென்று ஒரு தீர்மானம் போட்டது. இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு ஷிஃப்டாகத்தான் தெரியும். ஒருவருக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம், ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த திரவம். ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு மூன்று பேரைத்தான் சௌகரியமாக முடிக்கலாம், அதற்கு மேல் என்றால் ராத்திரி ஷிஃப்ட். மெஷினை வாங்கிப் போட்டுவிடலாம், பார்த்துக்கொள்ளும் சிஸ்டரும் டெக்னீசியனும் டாக்டரும் அதே வேகத்தில் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர் 1960-ல் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய ஒரு குழாயைக் கண்டுபிடித்தபின், மெஷின்கள் குறைவாக இருந்ததால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஊர்க்காரர்கள் அடங்கிய ஒரு கமிட்டியே போட்டார்கள். படித்தபோது அநியாயமாக இருந்தது. இப்போது கமிட்டி இல்லை, அதற்குப் பதிலாகத் தூரமும் காசும் காத்திருப்போர் பட்டியலும் அதே வேலையைச் செய்கின்றன.

டயாலிசிஸ் ஓடும் நேரத்தில் கூட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பது என் வழக்கம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி ஆனால் பிள்ளைகளும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது, ஒரு ரத்த டெஸ்ட், ஒரு சிறுநீர் டெஸ்ட், அவ்வளவுதான். பலர் சிரித்து மழுப்புவார்கள். ஒரு பெரியவரின் மகன் மட்டும் மறுவாரமே ரிப்போர்ட்டோடு வந்தார். கிரியேட்டினின் நார்மல், சிறுநீரில் ஆல்புமின் அதிகம்.

'நார்மல்னுதானே போட்டிருக்கு, அப்புறம் எதுக்குண்ணா டாக்டர்?' என்றார். அடுத்த தாளைக் காட்டினேன். அப்பாவைப் பார்க்கிற அதே நெப்ராலஜிஸ்டிடம் தன் பேரிலும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டுதான் அன்றைக்குக் கிளம்பினார்.