மாத்திரையை நிறுத்தாமல் பெற்ற பிள்ளை

நான் உண்டாகியிருக்கிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் சொன்ன முதல் யோசனை, "அந்த வலிப்பு மாத்திரையை நிறுத்திரு, பிள்ளைக்கு ஆகாது" என்பதுதான். பாசத்தில் சொன்னார்கள். ஆனால் திடீரென்று நிறுத்தினால் பெரிய வலிப்பு வரலாம். விழுந்து வயிற்றில் அடிபடலாம், குழந்தைக்கு ஆக்சிஜன் குறையலாம், தாயின் உயிரே போகலாம். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல என்பதும் உண்மை. பத்தாம் வகுப்பிலிருந்து நான் சாப்பிட்டது வால்ப்ரோயேட். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். பிற்காலத்தில் பேச்சும் படிப்பும் பாதிக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். அதனால் கல்யாணம் நிச்சயமானபோதே நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே 1998 முதல் பதிவேடு வைத்திருக்கும் இடம் அது. மெல்ல மெல்ல லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை 5 மில்லிகிராமும் உண்டு.

மாதம் ஏற ஏற டோஸும் ஏறியது. அத்தைக்கு இது பிடிக்கவேயில்லை. கர்ப்பத்தில் உடம்பு லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றிவிடும், பழைய டோஸ் போதாது என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டிச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். அப்புறம் ராத்திரி எட்டு மணியானால் தண்ணீர் டம்ளரும் மாத்திரை அட்டையுமாக அவரே வந்து நிற்பார்.

பிரசவ வலி எடுத்த அன்றும் வேளை தப்பாமல் போட்டேன். சுகப்பிரசவம்தான். வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

பெற்ற பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்றிய டோஸை டாக்டர் சொன்னபடி சீக்கிரமே குறைக்காவிட்டால் தலை சுற்றும், பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியும். எனக்குத் தூக்கம் கெட்டாலே வலிப்பு வந்துவிடும். அதனால் படுக்கும் முன் பால் பீய்ச்சி வைப்பேன், நடு ராத்திரியில் என் கணவர் கொடுப்பார். எனக்கு வலிப்பு வந்தாலும் பிள்ளை கீழே விழாமலிருக்க, துணி மாற்றுவது தரையில் பாய் விரித்து. தனியாகக் குளிப்பாட்டவே மாட்டேன், அம்மா கூட இருப்பார்.

இவ்வளவும் நடந்ததற்குக் காரணம், பெண் பார்க்க வந்தபோதே எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டதுதான். ஒளித்து வைத்திருந்தால் மாத்திரையையும் ஒளித்துத்தான் போட்டிருக்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள், முதலில் பிள்ளையை வாங்குங்கள், என்னை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.